துவக்கு இருந்த வீடுகள்



இந்த மாதப் பேச்சுக்கு வேறொரு தலைப்பை எடுத்துக் குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடும்படி ஆகிவிட்டது. காரணம் என் அக்கா. இங்கே தேராவில் நள்ளிரவு தாண்டிய நேரம், கனடாவில் பின்னேரம், தொலைபேசி அடித்தது. அந்த நேரத்தில் மணி அடித்தால் எங்கள் தலைமுறைக்கு முதலில் செத்த வீட்டு நினைப்புத்தான் வரும். நல்ல வேளை, அப்படி ஒன்றும் இல்லை.

"தம்பி, இவன் துவக்கு வாங்கப் போறானாம்."

இவன் என்றது அக்காவின் மகனை. தமிழ்நாட்டில் அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, பின்னர் கனடா போய்ச் சேர்ந்தவன். முப்பது வயது கடந்துவிட்டது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நிரந்தர வதிவிட அட்டை இருக்கிறது, பிரஜாவுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு சிறிய பட்டணத்தில் வேலை. கூட வேலை செய்பவர்கள் இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள். இவனுக்கும் ஆசை வந்திருக்கிறது. பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்குப் போய்ப் பரீட்சையும் சித்தியடைந்துவிட்டான். வீட்டில் யாருக்கும் மூச்சுக் காட்டாமல் போயிருக்கிறான். படிவம் தபாலில் வந்தபோதுதான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது.

மருமகனோடும் பேசினேன். "மாமா, எல்லாம் சட்டப்படிதான். அம்மா ஏன் இப்பிடி அழுறா?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அக்கா அழுததும் நியாயம். அன்றிரவு இரண்டு பேருக்கும் நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததில் இது எங்கள் ஒரு வீட்டுக் கதை மாத்திரம் அல்ல என்று பட்டது. அதனால்தான் இந்தப் பேச்சு.

அந்த வாரம் ஒரு காலை, வங்கி அலுவலாகப் போன வழியில் நைஃப் கோட்டைக்குள் நுழைந்தேன். தேராவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தும் நான் அதற்குள் போனது அதுதான் இரண்டாவது தடவை. சந்தைச் சனத்துக்கு நடுவே, மண் நிறச் சுவரோடு நிற்கும் அந்தக் கட்டடம் 1939-இல் கட்டப்பட்டது. 1956-இல் டுபாய் பொலிஸ் படை தொடங்கியபோது அதன் முதல் தலைமையகம் இதுதான். இப்போது நூதனசாலை. பழைய சீருடைகளும் பழைய துவக்குகளும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. கண்ணாடியில் பூட்டு. அரபியில் துவக்குக்குப் பெயர் 'புந்துக்கிய்யா'. வெனிஸ் நகரத்துக்கும் அரபியில் இதே பெயர்தான். ஹிந்திக்காரர் சொல்லும் 'பந்தூக்' இதன் உறவு. எங்கள் 'துவக்கு', 'துப்பாக்கி' இரண்டும் துருக்கிச் சொல்லிலிருந்து வந்தவை. பெயரிலேயே வெளியூர்ச் சாமான்தான்.

இந்தக் கரையில் துவக்கின் சரித்திரத்தைச் சொல்வதானால் 1910-க்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் மஸ்கட் துறைமுகம் துப்பாக்கி வியாபாரத்தின் பெரிய சந்தை. அங்கிருந்து மக்ரான் கரைக்கும், அதன் வழியே ஆப்கானிஸ்தானுக்கும் துவக்குகள் போய்க்கொண்டிருந்தன. அவை கடைசியில் பிரித்தானிய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் தங்கள் சிப்பாய்களை நோக்கித்தான் நீட்டப்படும் என்பது வெள்ளைக்காரருக்குத் தெரியும். ஆகவே கடற்படையை அனுப்பி வளைகுடாவை மறித்தார்கள். 1910 டிசம்பர் 24-ஆம் திகதி, நத்தாருக்கு முதல்நாள், 'ஹயசிந்த்' என்ற போர்க்கப்பலிலிருந்து ஏறக்குறைய நூறு பேர் டுபாயில் இறங்கி, துப்பாக்கி ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று வீடுகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள். பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் அந்நியச் சிப்பாய் புகுந்தால் என்ன நடக்கும் என்று நான் எங்கள் நேயர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சண்டை மூண்டது. கப்பலில் இருந்து பீரங்கி அடித்தார்கள். ஊரார் 37 பேரும், பிரித்தானியர் 5 பேரும் இறந்தார்கள். அதற்கு மேல் தண்டம் வேறு: ஆட்சியாளர் ஷேக் புத்தி பின் சுஹைல் 50,000 ரூபாயும், வேலை செய்யும் நிலையில் உள்ள 400 துவக்குகளும் கொடுக்க வேண்டும் என்றார்கள். ரூபாய் என்றால் இந்திய ரூபாய்தான். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் அதுவே புழங்கிய காசு.

கணக்காளன் என்ற முறையில் எனக்கு அந்த 400 என்ற எண் மனதில் நின்றுவிட்டது. ஊரில் இருக்கும் துவக்குகளைக் கணக்கெடுத்து, ஆட்சியாளரிடமிருந்தே வசூலிக்கிறார்கள். துவக்கை விட அது யார் கையில் இருக்கிறது என்ற கேள்விதான் அவர்களுக்குப் பெரிது.

இதே கேள்வியை அதே ஆட்கள் இந்தியாவில் முன்னரே கேட்டிருந்தார்கள். லிற்றன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878-இல் வந்த ஆயுதச் சட்டம், இந்தியன் ஆயுதம் வைத்திருக்க உத்தரவுப்பத்திரம் வேண்டும் என்றது, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. எங்கள் இலங்கைக்கு வந்தால், 1915-இல் சிங்கள முஸ்லிம் கலவரம். இராணுவச் சட்டம் போட்டார்கள், விசாரணை என்ற பெயரில் ஆட்களைச் சுட்டார்கள். ஹென்றி பெத்ரிஸ் என்ற இளைஞரை ஜூலை 7-ஆம் திகதி சுட்டுக் கொன்றது சரித்திரத்தில் பதிந்திருக்கிறது. அந்த அநியாயத்தை எடுத்துச் சொல்ல, முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிகள் திரியும் கடலைக் கடந்து லண்டன் போனவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அதற்கு அடுத்த ஆண்டு, 1916-இல், 33-ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் வந்தது. இடையிடையே திருத்தங்கள் செய்தார்களே தவிர, இன்றும் இலங்கையில் நடப்பது அந்தச் சட்டம்தான். எங்கள் ஐயாவின் துவக்கும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஐயா நெடுங்கேணிப் பக்கம் காடு வெட்டிக் கமம் செய்தவர். வன்னியில் கமம் செய்கிறவனுக்கு மூன்று எதிரி: மழை, பன்றி, யானை. மழைக்கு நேர்த்தி வைக்கலாம். யானைக்குத் தகரம் தட்டலாம், தீப்பந்தம் பிடிக்கலாம். பன்றிக்குத் துவக்கு வேண்டும். ஒரே இரவில் ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு போகமே போய்விடும். எனவே விதானையார் சிபாரிசு எழுத, பொலிஸ் விசாரித்து அறிக்கை கொடுக்க, கடைசியில் வவுனியாக் கச்சேரியில் அரசாங்க அதிபரின் கந்தோரில் உத்தரவுப்பத்திரம் கிடைத்தது. பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். மார்கழி பிறந்தால் ஐயா அந்தப் பத்திரத்தை வேட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டு கச்சேரிக்கு பஸ் ஏறுவது எங்கள் வீட்டில் ஒரு திருவிழா மாதிரி. வரும்போது எங்களுக்கு வவுனியாவிலிருந்து தோடம்பழ இனிப்பு வரும்.

துவக்கு வளையில் இரண்டு மர முளைகளில் படுத்திருக்கும். தோட்டாக்கள் அம்மாவின் பெட்டகத்தில். பெட்டகச் சாவி அம்மாவின் இடுப்பில். ஐயா பரணுக்குப் போகும்போது அம்மாவிடம் கேட்டுத்தான் தோட்டா வாங்க வேண்டும். இரண்டு கேட்டால் இரண்டு எண்ணிக் கொடுப்பார். காலையில் ஒன்றைச் சுட்டிருந்தால் வெறும் கோதும் மிச்சத் தோட்டாவும் திரும்பி வர வேண்டும். நான் பின்னாளில் வணிகப் பட்டம் படித்து இருப்புக் கணக்கு என்று பெரிதாகப் பேசினாலும், முதல் இருப்புக் கணக்கு பார்த்தது அம்மாவிடம்தான்.

அப்படி இருந்தும் ஒரு நாள் தவறிவிட்டது. 1978 என்று நினைவு, எனக்கு எட்டு வயது இருக்கும். ஐயா விடியப்புறம் காய்ச்சலோடு பரணிலிருந்து வந்து, தோட்டாவைக் கழற்றாமல் துவக்கை முளையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். மத்தியானம் அண்ணா வாங்கில் ஏறி அதை இறக்கி, எனக்கு வேட்டைக்காரன் வேஷம் காட்டினார். அவருக்குப் பதினொரு வயது. துவக்கின் வாய் முதலில் என்னைப் பார்த்துத்தான் இருந்தது. பிறகு ஏனோ கூரையை நோக்கித் தூக்கினார். வெடித்தது. கிடுகில் கைவிரித்த அளவு ஓட்டை. எனக்கு அன்று முழுவதும் காது கேட்கவில்லை. ஐயா அண்ணாவை அடிக்கவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்து நெடுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஐயா துவக்கைக் கழற்றி வைக்கத் தொடங்கினார். ஒற்றைக்குழலில் அது சுகம். முன்கட்டையை எடுத்தால் குழல் தனியே வந்துவிடும். குழல் ஒரு அறையில், பிடி ஒரு அறையில், தோட்டா பெட்டகத்தில். அந்த ஓட்டையை அடுத்த வேய்ச்சல் வரை அடைக்கவும் விடவில்லை. மாரியில் அதற்குக் கீழே ஒரு சட்டி வைத்திருந்தோம்.

இனி, அக்கா அழுததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

துவக்கு உள்ள வீடு எது என்பது கச்சேரிப் பதிவேட்டில் இருந்தது. பதிவேடு நல்லது என்று நம்புகிற தொழில் என்னுடையது. ஆனால் பதிவேடு எந்தக் கைக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1971 ஏப்ரலில் தெற்கில் ஜே.வி.பி. இளைஞர்கள் கிளர்ந்தபோதே, நாட்டுக் குண்டோடு அவர்கள் நம்பியது வீடுகளில் இருந்த வேட்டைத் துவக்குகளைத்தான். 1984-இல் எங்கள் ஊருக்கும் அந்தக் காலம் வந்தது. ஓர் இரவு பொடியள் நாலு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "ஐயா, உங்கட சாமானைத் தாங்கோ" என்றார்கள். ரோச் வெளிச்சத்தில் ஒரு தாளைப் பார்த்தார்கள். அதில் எங்கள் பகுதியில் துவக்கு வைத்திருந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஐயா குழலையும் பிடியையும் எடுத்துப் பூட்டிக் கொடுத்தார். அம்மா தோட்டாக்களை எண்ணிக் கொடுத்தார், பதினொன்று. துண்டு எதுவும் தரவில்லை.

இரண்டு கிழமை கழித்து, சீருடைக்காரர் வந்தார்கள். அவர்கள் கையிலும் ஒரு தாள். துவக்கு எங்கே என்று கேட்டார்கள். பறித்துக்கொண்டு போனதை முறையிட்டிருக்கிறாயா என்றார்கள். முறையிடப் போகிற வழியில் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும், ஐயா முறையிடவில்லை. அவரைக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் விட்டார்கள். வந்தவர் வலக் கையைச் சரியாகத் தூக்க முடியாமல் இருந்தார், அதன் பிறகு அவரால் மண்வெட்டி பிடிக்க இயலவில்லை. அங்கே நடந்தது எதையும் எங்களுக்குச் சொன்னதில்லை. ஒன்றை மட்டும் அம்மாவுக்குச் சொன்னாராம்: இரண்டு தாளிலும் தன் பெயரின் தலைப்பெழுத்து ஒரே மாதிரிப் பிழையாக இருந்ததாம். கச்சேரியில் யாரோ எழுதுவினைஞர் முன்னொரு காலத்தில் விட்ட பிழை. இரண்டு பக்கமும் அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள்.

அக்கா அப்போது பதினேழு வயதுப் பெண். ஐயாவுக்கு ஐந்து நாளும் சோறு கட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றவர் அவர். துவக்கு என்றால் அவருக்கு வேட்டை அல்ல, வாசல்.

இதை மருமகனுக்குச் சொன்னேன். அவன் பிறகு மெதுவாகக் கேட்டான்: "அது அங்கை, மாமா. இது கனடா. இஞ்சை நாங்கள் வந்தவங்கள் எண்டு ஆரும் பாக்கிறேல்லை." இந்த இடத்தில்தான் அவனுக்கும் கொஞ்சம் சரித்திரம் தேவைப்பட்டது.

வந்தவன் என்று பார்த்த காலம் அங்கும் இருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1909-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: பிரஜாவுரிமை பெறாத வெளிநாட்டுக்காரன் வேட்டையாடக் கூடாது, அதற்காக அவன் துவக்கே வைத்திருக்கக் கூடாது. தண்டம் 25 டொலர், துவக்கும் பறிமுதல். பற்சோன் என்ற இத்தாலிய தேசத்தவர் ஒரு வேட்டைத் துவக்கு வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1914-இல் அந்த நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. தீர்ப்பு எழுதியவர் ஹோம்ஸ் என்ற பேர்பெற்ற நீதியரசர். கனடாவிலும் அப்படித்தான். 1919-இல் வின்னிப்பெக் நகரத்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, அதற்குக் குடிவந்தவர்கள்தான் தூண்டுகோல் என்ற பேச்சு ஊரெல்லாம். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் துப்பாக்கிச் சட்டம் இரண்டு தடவை மாறி, 1921-இல் வந்து நின்ற நிலை இது: பிரித்தானியப் பிரஜைக்குக் கைத்துப்பாக்கிக்கு மாத்திரம் உத்தரவு வேண்டும், அந்நியனுக்கு எந்தத் துவக்குக்கும் வேண்டும்.

இந்தத் திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பென்சில்வேனியா 1909, டுபாய் 1910, கொழும்பு 1916, ஒட்டாவா 1921. டுபாய்க் கரையில் வீட்டைச் சோதித்த சிப்பாயும், வவுனியாவில் ஏடு திறந்த எழுதுவினைஞரும், பென்சில்வேனியாக் காட்டில் இத்தாலியனை மறித்த காவலரும் கேட்டது ஒரே கேள்வி: நீ யார்? துவக்கை எங்கே வைத்திருக்கிறாய், தோட்டா எங்கே, சாவி யாரிடம், வீட்டில் பிள்ளைகள் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விகள் வருவதற்கு வேறு துயரங்கள் வேண்டியிருந்தன. மொன்றியலில் 1989 டிசம்பர் 6-ஆம் திகதி பொறியியல் கல்லூரி ஒன்றில் 14 பெண்களை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு நடந்த நீண்ட விவாதத்தின் முடிவில் 1995-இல் கனடாவின் துப்பாக்கிச் சட்டம் வந்தது. வீட்டில் எப்படி வைக்க வேண்டும் என்ற இப்போதைய விதிகள் 1998-இல் வந்தன. அவுஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆதரில் 35 பேர் கொல்லப்பட்ட பின், அரசாங்கம் ஏறக்குறைய 650,000 துவக்குகளை விலைக்கு வாங்கி அழித்தது. தற்பாதுகாப்பு என்பது துவக்கு வைத்திருக்கச் சரியான காரணம் ஆகாது என்றும் எழுதிவைத்தது.

மருமகன் வாசித்துக் காட்டிய கனேடிய விதிகளைக் கேட்டபோது எனக்கு அம்மாவின் இடுப்புச் சாவிதான் ஞாபகம் வந்தது. சாதாரண வேட்டைத் துவக்கானால் வீட்டில் வெறுமையாக, தோட்டா இல்லாமல் இருக்க வேண்டும். அதன் விசைக்குப் பூட்டுப் போட வேண்டும், அல்லது சுடுவதற்கு அவசியமான பாகத்தைக் கழற்றி வைக்க வேண்டும், அல்லது எளிதில் உடைக்க முடியாத அலுமாரியிலோ அறையிலோ வைத்துப் பூட்ட வேண்டும். தோட்டாக்கள் அதனருகே கைக்கெட்டும்படி கிடக்கக் கூடாது, அவையும் பூட்டில் இருந்தால் சரி. காரில் விட்டுப் போவதானால் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். வீடு மாறினால் 30 நாளுக்குள் புது விலாசத்தை அறிவிக்க வேண்டும். எங்கள் சனம் வீடு மாறுகிற வேகத்துக்கு இது மறந்துபோகிற காரியம், ஆகையால் தனியே சொல்கிறேன். உத்தரவுப்பத்திரம் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். முதல் தடவை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். கைத்துப்பாக்கி என்ற நினைப்பே வேண்டாம், 2022 ஒக்டோபரிலிருந்து அதன் விற்பனையும் கைமாற்றமும் அங்கே முடக்கப்பட்டுள்ளன. நிரந்தர வதிவாளருக்கும் பிரஜைக்கும் இந்த உத்தரவில் வித்தியாசம் இல்லை. வகுப்பும் பரீட்சையும் விசாரணையும் ஒன்றுதான். 1921-இலிருந்து பார்த்தால் இது சின்ன தூரம் அல்ல.

ஆனால் ஒரு வித்தியாசம் இன்னும் இருக்கிறது. அதை மருமகன் வாசித்த கைநூலில் காணவில்லை, குடிவரவுச் சட்டத்தில் இருக்கிறது. உத்தரவில்லாத துவக்கைத் தெரிந்தே வைத்திருப்பது கனடாவில் 10 வருடம் வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட குற்றத்தில் தீர்ப்பானால், அல்லது எந்தக் குற்றத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் சிறை கிடைத்தால், நிரந்தர வதிவிடம் பறிபோய் நாடு கடத்தலாம். பிரஜை தண்டனை முடிந்து வீட்டுக்கு வருவான். வதிவாளன் விமான நிலையத்துக்குப் போவான். அமெரிக்கா இன்னும் கடுமை. பச்சை அட்டைக்காரர் சட்டப்படி துவக்கு வாங்கலாம், ஆனால் துப்பாக்கி சம்பந்தமான எந்தக் குற்றத்தில் தீர்ப்பு வந்தாலும் நாடு கடத்தும் காரணம் ஆகிவிடும். கடையில் நிரப்பும் படிவத்தில் அவசரத்தில் 'பிரஜை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டால் அது வேறொரு பெரிய வழக்கு. பத்திரம் காலாவதியானதைக் கவனிக்காமல் விட்ட சோம்பல், சிநேகிதன் "உன்னட்டை வைச்சிரு" என்று தந்துவிட்டுப் போன துவக்கு, இவற்றால்கூட 'நீ யார்' என்ற பழைய கேள்வி திரும்ப வந்து கதவைத் தட்டும். கதவைத் திறப்பவன் அகதியாக வந்தவன் என்றால், திருப்பி அனுப்பும் ஊர் எது என்பதையும் யோசிக்க வேண்டும்.

இங்கே எமிரேட்ஸில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே எழாது. நாங்கள் வேலை விசாவில் இருப்பவர்கள். ஆயுதம், தோட்டா எல்லாவற்றுக்கும் உத்தரவு வேண்டும் என்பதை 2019-இல் வந்த சட்டம் இறுக்கியிருக்கிறது. 2022-இல் இந்நாட்டுக் குடிமக்களுக்கே, பதியாத துவக்குகளைத் தண்டனையின்றிப் பதிய மூன்று மாதத் தவணை கொடுத்தார்கள். ஆனாலும் ஒன்று சொல்லி வைக்கிறேன். கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் பிள்ளைகள், சாவிக்கொத்தில் வெறும் தோட்டாக் கோது கோத்திருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். டுபாய் விமான நிலையத்தில் அது விளையாட்டுச் சாமான் அல்ல.

பூட்டைப் பற்றி இன்னும் ஒன்று. கள்ளனுக்கும் பிள்ளைக்கும் பயந்துதான் பூட்டு என்று நாங்கள் நினைக்கிறோம். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கனடாவிலும் அப்படியே. இதை எங்கள் வீடுகளில் பேசத் தயங்குவோம். ஆனால் எங்களுக்குத் தெரியாத விஷயமா இது? 1995-இல் இலங்கையில் 100,000 பேருக்கு 47 பேர் என்ற கணக்கில் தற்கொலை நடந்தது. உலகத்திலேயே மிக மோசமான கணக்குகளில் அது ஒன்று. பெரும்பாலும் கமத்துக்கு வாங்கி மூலையில் வைத்த பூச்சிமருந்து. மிகக் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபது வருடத்தில் அந்தக் கணக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. சனத்தின் கவலை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்காது. கோபமும் மனவிரக்தியும் வந்த அந்த அரைமணி நேரத்தில் கைக்கு எட்டாமல் போனதுதான் பெரிய காரணம். போரைப் பார்த்துவிட்டு வந்த சனம் நாங்கள். இரவில் நித்திரை வராதவர்கள் எங்கள் வீடுகளில் எத்தனை பேர் என்று எங்களுக்கே தெரியும். வெளியே இருந்து வருகிறவனுக்காக மாத்திரம் பூட்டுப் போடுவதில்லை.

இதை நான் சொன்னபோது மருமகன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். அவனுடைய தகப்பன், என் அத்தான், முகாமில் இருந்த காலத்தில் ஒரு முறை அப்படி முயன்று தப்பியவர். அவனுக்கு அப்போது ஆறு வயது. அவனுக்குத் தெரியாது என்றே நாங்கள் எல்லோரும் இத்தனை காலமும் நினைத்திருந்தோம்.

அத்தான் இப்போது அவர்களோடுதான் இருக்கிறார்.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு பகுதி உண்டு. அதில் விண்ணப்பிப்பவரின் மனைவி கையெழுத்திட வேண்டும். இரண்டு வருடத்துக்குள் பிரிந்து போன மனைவியாக இருந்தாலும் கேட்கிறார்கள். கையெழுத்து இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் தூக்கி எறிய மாட்டார்கள், ஆனால் அதிகாரிகள் அந்தப் பெண்ணுக்குத் தாங்களே அறிவிப்பார்கள். அவளுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லலாம். இதை அக்காவுக்கு நான் விளங்கப்படுத்தியபோது அவர் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "உண்மையே? பெண்சாதியைக் கேக்கிறாங்களோ?"

"ஓம் அக்கா."

"அம்மாட்டை ஆரும் கேக்கேல்லை."

மருமகள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இரும்பு அலுமாரி முதலில் வந்து சுவரில் ஆணி இறங்கட்டும், சாவியை மாமாவுக்குத் தெரியாத இடத்தில் எப்படி வைப்பது என்று இரண்டு பேரும் இருந்து கதைக்க வேண்டும், அதற்குப் பிறகு பார்ப்போம் என்றிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பேசினபோது படிவம் அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பிள்ளைகள் கீறிய படங்களுக்கு நடுவே, காந்தத்தில் ஒட்டியபடி இருப்பதாக அக்கா சொன்னார்.